போட்டால் பிடிப்பார்களா? ராப் பாட்டிலும் மேடைப் பேச்சிலும் எது இனவாதம்

பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்குக் கிட்ட, பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் அந்தத் தம்பி கைபேசியை நீட்டினார். அன்று குண்டசாலைப் பக்கம் இளைஞர்களுக்கான ஊடகப் பயிற்சி ஒன்றில் வெறுப்புப் பேச்சு பற்றி ஒரு மணிநேரம் பேசியிருந்தேன். அங்கே கேட்க வெட்கப்பட்ட கேள்வியை அவர் ரோட்டில் கேட்டார். இருபது வயதிருக்கும். ரஜவெல்லப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவர். தானே எழுதி, நண்பனின் கணினியில் இசை போட்டு, மூன்று நிமிட ராப் ஒன்று செய்து வைத்திருந்தார்.

"அக்கா, இதுல இனவாதம் இருக்கா? போட்டா பொலிஸ் புடிக்குமா?"

காதில் மாட்டிக் கேட்டேன். முதல் பகுதியில் தன்னையே கள்ளத்தோணி என்று கூப்பிட்டுக்கொள்கிறார்; பாட்டிக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போன கதை வருகிறது. அடுத்து, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு 'கொட்டியா' என்று சிரித்த பொலிஸ்காரர். பிறகு நாட்டை ஆண்டவர்கள் மீது நல்ல கோபம். ஆங்காங்கே துப்பாக்கிச் சத்தம். கடைசிப் பகுதியில் 'மோட்டுச் சிங்களவன்' என்று ஒரு இடம். அதைத் தொடர்ந்து, டவுனில் இரண்டு பக்கமும் முஸ்லிம் கடை, மூட்டை தூக்குவது மட்டும் நாங்கள் என்ற பொருளில் நாலு வரி. மெட்டு நன்றாக இருந்தது, அந்த நாலு வரியிலும்.

அவர் கேட்டது இரண்டு கேள்விகள். இதில் இனவாதம் இருக்கிறதா என்பது ஒன்று. பொலிஸ் பிடிக்குமா என்பது மற்றது. இந்த நாட்டில் இந்த இரண்டுக்கும் ஒரே பதில் கிடைப்பது அரிது. ரோட்டில் நின்றபடி அதை விளங்கப்படுத்த எனக்கு முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தேய்ந்துபோன சொல்

'இனவாதி' என்ற சொல்லை இலங்கையில் எல்லோரும் எல்லோர் மீதும் எறிந்தாயிற்று. சமஷ்டி கேட்டவர் இனவாதி. இறந்த பிள்ளைக்கு விளக்கேற்றிய தாயும் இனவாதி. பள்ளிவாசலைக் கொளுத்தியவரும் அதே சொல்லுக்குள் வந்து உட்காருகிறார். இப்படி எல்லாவற்றையும் மூடும் போர்வையாகிவிட்டால், அந்தச் சொல்லால் ஒன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது.

சர்வதேசச் சட்டத்தில் இதற்கு ஓரளவு தெளிவான வரையறை உண்டு. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965 ஆம் ஆண்டின் சமவாயம், இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனத்துவப் பிறப்பு ஆகியவற்றின் பேரில் ஒருவரை விலக்குவதும் அவரது உரிமையைக் குறைப்பதும் இனப் பாகுபாடு என்கிறது. இலங்கை 1982 இல் இதில் இணைந்தது. 'வம்சாவளி' என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்பதை அந்தச் சமவாயத்தின் குழு 2002 இல் தெளிவாக்கியது. நம்மவர்களில் பலர் அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள்.

ஆக, அரசைத் திட்டுவது இனவாதமல்ல. இராணுவத்தையோ, கட்சியையோ, மதகுருவின் அரசியலையோ திட்டுவதும் அல்ல. சீருடையைக் கழற்றலாம், கட்சியை மாற்றலாம், பதவி ஒருநாள் போகும். பிறப்பைக் கழற்ற முடியாது. பேச்சு அந்தப் பிறப்பைப் பிடித்து, இவர்களுக்கு இங்கே இடமில்லை, இவர்கள் குறைந்தவர்கள், இவர்களுக்கு என்ன நடந்தாலும் தகும் என்று சொல்லும்போதுதான் கோடு தாண்டப்படுகிறது.

இது கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கோட்டைத் தாண்டும் பேச்சில் பெரும்பாலும் கெட்ட வார்த்தையே இருப்பதில்லை.

கடை எண்ணிய காணொளி

அந்தத் தரிப்பிடத்திலிருந்து திகன நகரம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். 2018 பெப்ரவரி 22 இல் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கினார்கள். மார்ச் 3 இல் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். தாக்கியவர்கள் ஏற்கெனவே பிடிபட்டிருந்தார்கள். அது நீதிமன்றம் பார்க்க வேண்டிய ஒரு குற்றம். ஆனால் மார்ச் 5 இல் திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். பிறகு அது கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அம்பதென்ன என்று பரவியது. 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலநிலை. 7 ஆம் திகதி முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

அதற்குச் சற்று முன்பு மஹசொன் பலகாய அமைப்பின் அமித் வீரசிங்க திகன நகரத்தில் நடந்தபடி எடுத்த ஒரு காணொளி முகநூலில் சுற்றியது. துண்டுப்பிரசுரம் கொடுக்கச் சிங்களக் கடைகளைத் தேட வேண்டியிருக்கிறது, நகரம் முழுக்க முஸ்லிம் கடைகளாகிவிட்டது, இதை நாங்கள் எப்போதோ கவனித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அவ்வளவுதான். கொல்லு என்ற சொல்லோ கொளுத்து என்ற சொல்லோ அதில் இல்லை. ஒருவர் வீதியில் நடந்து கடைகளை எண்ணுகிறார்.

அதே நாட்களில் முஸ்லிம்களைக் குழந்தைகூட மிஞ்சாமல் கொல்ல வேண்டும் என்ற சிங்களப் பதிவு ஒன்றும் முகநூலில் இருந்தது. அதை முறைப்பாடு செய்தவர்களுக்கு, தமது சமூக விதிகளை இது மீறவில்லை என்று முகநூல் நிறுவனம் பதில் அனுப்பியது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே போதிய அளவு இல்லை. 2018 வன்முறையில் தமது தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்த நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டது.

என்னைக் கேட்டால், கொல்லச் சொன்ன பதிவைவிடக் கடை எண்ணிய காணொளி கூடுதல் வேலை செய்திருக்கும். முதலாவதைப் பார்த்துச் சாதாரண மனிதர் முகம் சுளிப்பார். இரண்டாவதைப் பார்த்து, 'உண்மைதானே' என்று தலையாட்டுவார். தலையாட்டியவர் தீ வைக்கப் போக மாட்டார். தீ வைப்பவர்களைத் தடுக்கவும் போக மாட்டார்.

திகன எரிவதற்கு ஒரு வாரம் முந்தி அம்பாறையில் நடந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில், கறியில் கிடந்த மாக்கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லி ஒரு கூட்டம் நின்றது. காசாளரின் தாய்மொழி தமிழ். சிங்களம் சரியாக வராது. பயத்தில் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் வாக்குமூலம் என்று நாடெங்கும் பரவியது. அது மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அப்படி மலடாக்கும் மாத்திரை ஒன்று உலகில் இல்லவும் இல்லை.

லொஸ் ஏஞ்சல்ஸிலும் கடைதான்

ராப் இசையில் இந்தக் கேள்வி முப்பது வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. 1988 இல் என்.டபிள்யூ.ஏ. என்ற கலிபோர்னியக் குழு பொலிஸைத் திட்டிப் பாடியது. அடுத்த வருடம் எப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவர்களது இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். பாட்டில் வன்முறை உண்டு. ஆனால் வீதியில் தங்களை மறித்து அடிக்கும் சீருடையைப் பார்த்துத்தான் அவர்கள் பாடினார்கள். அதை இனவாதம் என்று சொல்வது பொருந்தாது.

அதே குழுவிலிருந்து பிரிந்துபோன ஐஸ் கியூப் 1991 இல் வெளியிட்ட இசைத்தட்டில் கொரியக் கடைக்காரர்களைப் பற்றி ஒரு சிறு பாட்டு இருந்தது. அந்த வருடம் மார்ச் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸில் கொரியப் பெண் ஒருவர் தனது கடையில் வைத்து 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைச் சுட்டுக் கொன்றிருந்தார். ஒரு போத்தல் தோடம்பழச் சாறு தொடர்பான தகராறு. பிறகு அந்தப் பெண் குற்றவாளியாகக் காணப்பட்டும் சிறைக்குப் போகவில்லை. கறுப்பின மக்களின் கோபத்துக்கு முழு நியாயம் இருந்தது. ஆனால் பாட்டு சுட்டவரிடமும் நீதிமன்றத்திடமும் நிற்கவில்லை. எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் கொரியர்கள் எல்லோரும் என்று அகன்று, கடை எரியும் என்ற மிரட்டலில் முடிந்தது. பிரித்தானியாவில் அந்தப் பாட்டை நீக்கித்தான் இசைத்தட்டை வெளியிட்டார்கள்.

1992 ஏப்ரலில் நகரம் கலவரத்தில் எரிந்தபோது கொரியர்களுக்குச் சொந்தமான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சேதமடைந்தன. பாட்டுத்தான் கொளுத்தியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படிச் சொல்வது பிழையாகவும் இருக்கும். கலவரத்தின் காரணம் வேறு, ஒரு கறுப்பினத்தவரை அடித்த பொலிஸார் விடுவிக்கப்பட்டது. ஆனால் கடைக்குள் ஒளிந்திருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை யோசிக்க நமக்கு அதிக கற்பனை தேவையில்லை. கொழும்பிலும் கண்டியிலும் 1983 இல் கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றி ஓடியவர்கள் நமது பெற்றோர்கள். குண்டசாலையில் முத்தையா முரளிதரன் குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை தாக்கப்பட்டது அதற்கும் முந்தி, 1977 இல். ஐஸ் கியூப் பிறகு கொரியக் கடைக்காரர் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

நம்மவர் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம். 2005 இல் வந்த முதல் இசைத்தட்டுக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே வைத்தார். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளமாகவே வரும். புலி உருவங்களையும் பயன்படுத்தினார். அமெரிக்காவில் வாழும் இலங்கை ராப் பாடகர் டீலோன் 2008 இல் அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று குற்றஞ்சாட்டிப் பாட்டே செய்தார். 2009 தொடக்கத்தில், வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதை இனப்படுகொலை என்றார். சத்தம் இன்னும் கூடியது. அவர் மீது வந்த குற்றச்சாட்டின் மையம் பயங்கரவாத ஆதரவு. சிங்களவர்களை இழிவாகப் பாடினார் என்பது அல்ல. இரண்டையும் ஒன்றாக்குவது அரசுக்கு வசதி.

ஆனாலும் அந்தப் புலி உருவம் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தெரியாது. எனக்கு அதில் ஒரு வீடு, ஒரு அண்ணன், ஒரு புதைகுழி தெரியலாம். புத்தளத்தில் முகாமில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்ணுக்கு அதில் வேறொன்று தெரியும்.

ஒலிபெருக்கியில் வசை இருக்கவில்லை

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் ஒலிபெருக்கி மூலம் உஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூப்பிடப்பட்டார்கள். இரண்டு மணிநேரத்தில் வெளியேற வேண்டும் என்றார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலும் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புலிகளால் துரத்தப்பட்டார்கள். அந்த அறிவிப்பில் வசை எதுவும் தேவைப்படவில்லை. இந்தப் பிறப்பில் பிறந்தவர்கள் இங்கே இருக்கக்கூடாது என்பதைச் சாதாரண அறிவிப்புத் தமிழில் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் சோனகத் தெருவால் அம்மாவோடு நடந்து போனது எனக்கு நினைவிருக்கிறது. கூரை இல்லாத வீடுகள், உள்ளே வளர்ந்த ஆமணக்கு. ஏன் ஆட்கள் இல்லை என்று கேட்டேன். "அது சோனியின்ர வீடுகள்" என்றார் கூட வந்த உறவினர் ஒருவர். அது ஒரு விளக்கம் போலச் சொல்லப்பட்டது. நானும் விளக்கமாகவே எடுத்துக்கொண்டேன். சோனகர் என்பது குடிசன மதிப்பீட்டில் உள்ள பெயர். அதைக் குறுக்கிச் சொல்லும்போது அதற்குள் ஒரு கேலி வந்து உட்காருகிறது. வெற்று வீட்டைப் பார்த்தும் வலிக்காமல் இருக்க அந்தக் கேலி போதுமாக இருந்தது. ஊடகக் கல்வியில் பட்டம் எடுத்த பிறகும் இதை எழுத எனக்குப் பல வருடம் பிடித்தது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகச் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். நமது மேடைகள் இன்னும் அந்த இடத்துக்குக்கூட வரத் தயங்குகின்றன.

இயக்கப் பாடல்கள் எல்லாவற்றையும் இனவாதம் என்று தள்ளுபவர்களோடு நான் உடன்படவில்லை. பெரும்பாலானவை மண்ணையும் கடலையும் இழந்த பிள்ளைகளையும் பாடுகின்றன. கவனிக்க வேண்டியது ஒரு சிறு சறுக்கலை: 'இராணுவம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சிங்களவன்' என்று வருவதை. வீட்டில், ஷெல் விழும்போது, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். குண்டு போட்டவனுக்கு வேறு பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் கையில் ஆயுதம் உள்ளவர் அப்படிச் சொல்லும்போது அதன் நீளம் வேறு. 1985 மே 14 இல் அனுராதபுரத்தில் பஸ் நிலையத்திலும் போதி மரத்தடியிலும் சுடப்பட்டு இறந்த 146 பேரும் இராணுவம் அல்ல. அவர்கள் அந்தச் சொல்லுக்குள் அகப்பட்டவர்கள். மறுபக்கத்தில் 'கொட்டியா' என்ற சொல் முள்ளிவாய்க்கால் வரை என்ன செய்தது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிடிபடுவது யார்

இனி அந்தத் தம்பியின் இரண்டாவது கேள்வி. இலங்கையில் இதற்கு உரிய சட்டம் 2007 இன் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். அதன் 3 ஆம் பிரிவு, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவதைத் தடுக்கிறது. பத்து வருடம் வரை கடூழியச் சிறை. பிணையை மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட காரணம் இருந்தால்தான் கொடுக்கலாம். சிறுபான்மையைக் காக்க வேண்டிய சட்டம் இது.

இதே சட்டத்தில் 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதானார். ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். இதற்கு அண்ணன் பயங்கரவாதத் தடைச் சட்டம். இனங்களுக்கிடையே முரண்பாட்டை உண்டாக்கும் எழுத்து என்ற குற்றத்தை அதுவும் வைத்திருக்கிறது. தமிழ் மக்கள் மீதான இராணுவ நடவடிக்கைகளை விமர்சித்து 2006 இல் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்ட் 31 இல் 20 வருடக் கடூழியச் சிறை கொடுத்தது அந்தச் சட்டம்தான். மறு வருடம் மன்னிப்பில் விடுதலையானார். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை எழுதிய மன்னார் இளைஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதாகி ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்று தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2023 இல்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

மறுபக்கம் பாருங்கள். 2014 ஜூன் 15 இல் அளுத்கமயில் கலகொட அத்தே ஞானசார தேரர், சிங்களவர் ஒருவர் மீது கை வைத்தால் முஸ்லிம்களுக்கு 'அபசரண' என்று மேடையில் நின்று சொன்னார். அன்றே கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தப் பேச்சுக்கு அவர் தண்டிக்கப்படவில்லை. 2016 இல் இஸ்லாத்தைப் பற்றிச் சொன்ன வேறொன்றுக்காக 2024 மார்ச்சில் நான்கு வருடத் தண்டனை வந்தது. அமித் வீரசிங்க 2018 மார்ச் 8 இல் கைதாகி, அந்த வருடமே பிணையில் வந்தார். 2023 ஒக்டோபரில் மட்டக்களப்பில் அம்பிட்டிய சுமணரத்ன தேரர் தெற்கில் வாழும் தமிழர்களை வெட்டுவது பற்றிக் கமராவுக்கு முன்னால் கத்தினார். உடனே கைது எதுவும் நடக்கவில்லை. மாவீரர் நாள் நெருங்கினால் ஒரு படத்தைப் பகிர்ந்த பிள்ளையின் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

ஆகவே பொலிஸ் பிடிக்குமா என்பதற்கு என் பதில்: பிடிக்கலாம். ஆனால் பிடிப்பது, பாட்டில் பிழையான இடத்துக்காக இருக்காது. சோதனைச் சாவடி வரிக்காக இருக்கும்.

தம்பியின் பாட்டுக்குத் திரும்பினால்

ஐ.நா. 2012 இல் ரபாத் நகரில் முடித்த செயற்திட்டம் ஒரு பேச்சைத் தண்டிக்குமுன் ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசுபவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு பரவும், தீங்கு நடக்கும் சாத்தியம். இருபது வயதுத் தோட்டத்துப் பையனுக்கு அதிகாரம் இல்லை, பின்தொடர்பவர்கள் இருநூறு பேர், நோக்கம் தன் கதையைச் சொல்வது. சிறைக்கு அனுப்ப இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் சட்டத்தில் தேறுவது மட்டும் ஒரு பாட்டுக்குப் போதாது.

கள்ளத்தோணி அவருடைய சொல். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய பாட்டியை நாடற்றவராக்கியது. அந்தச் சொல்லை அவர்கள் மீது எறிந்தவர்களில் நாங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'தோட்டக்காட்டான்' என்று நாக்கூசாமல் சொன்னோம். எறிந்த கல்லை அவர் எடுத்துத் தன் வீட்டுக்கு அத்திவாரமாக வைக்கிறார். அதையே நான் பாடினால் அது வசை. துப்பாக்கிச் சத்தம் இசை. பொலிஸ்காரர் பகுதி சாட்சியம்.

'மோட்டுச் சிங்களவன்' என்பதை எடுக்கச் சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. "சும்மா பேச்சுக்குச் சொல்றது தானே அக்கா" என்றார். கொட்டியா என்று சிரித்த பொலிஸ்காரரும் சும்மா பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார் என்றேன். சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

கடை வரிகள்தான் கஷ்டமாக இருந்தன. அதில் வசையே இல்லை. மூட்டை தூக்குவது உண்மை. அவருடைய அப்பாவே தூக்குகிறார். சம்பளம் குறைத்த முதலாளியைப் பாடுங்கள், கடைப் பெயரைக்கூடப் பாடுங்கள், அது உங்கள் அப்பாவின் கணக்கு என்றேன். ஆனால் இரண்டு பக்கமும் கடை எண்ணிக்கொண்டு போகும் அந்த நடை இந்த ரோட்டில் ஏற்கெனவே ஒருவர் நடந்த நடை. 2018 இல் அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. புகை லயம் வரை வந்ததும், முஸ்லிம் குடும்பம் ஒன்று இரண்டு இரவு பக்கத்து வீட்டில் தங்கியதும் அவருக்கு நினைவிருந்தது. பாட்டில் அது எதுவும் வரவில்லை.

திகன பஸ் வந்தது. கைபேசியை வாங்கிக்கொண்டு ஏறினார்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் புதிய பதிப்பு அனுப்பினார். கடை வரிகள் போய், அந்த இடத்தில் இரண்டு இரவு தங்கிய குடும்பம் வந்திருந்தது. அவர்கள் போகும்போது மறந்துவிட்டுப் போன ஒரு சிறு பிள்ளையின் செருப்பு பற்றி இரண்டு வரி. 'மோட்டு' அப்படியே இருந்தது; அதற்குப் பக்கத்தில் இருந்த இனப்பெயரை எடுத்துவிட்டு 'மந்திரி' என்று போட்டிருந்தார். இன்னும் எங்கும் பதிவேற்றவில்லை. சோதனைச் சாவடிப் பகுதியைக் கேட்டுவிட்டு அம்மா வேண்டாம் என்கிறாராம்.